சண்டைக்கு ஆகும் கத்தி, ஆகாத கத்தி

உதவி ஆய்வாளர்களாகப் பொறுப்பேற்று இந்த மலையடிவார நிலையங்களுக்கு வந்திருக்கும் தம்பியரே, தங்கையரே, உங்களுள் ஒருவர் அண்மையில் என் இல்லத்துக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். ஒரு கத்தியைப் பார்த்த மாத்திரத்தில், இது சண்டைக்கென்றே வைத்திருக்கும் கத்தி என்று எப்படி அறிவது என்பது அவருடைய கேள்வி. கேட்ட பிறகு, பூசை முடித்துத் திருநீறு தரித்து அமர்ந்திருந்த கிழவனான என்னிடம் இதைக் கேட்டிருக்கலாகாதோ என்று தயங்கினார். தயங்க வேண்டியதே இல்லை. நான் நாள்தோறும் ஓதும் பதிகங்களில் சூலமும் மழுவும் வேலும் வாராத இடம் குறைவு. அவற்றைப் பாடிய அடியார்கள் படையின் கூர்மையைவிட, அதை ஏந்திய திருக்கையையே மிகுதியும் பாடினார்கள். கத்தியைக் காணும்போது கையையும் சேர்த்துக் காண வேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கிருந்து கிடைத்தது. நிலையத்தில் கிடைத்த பாடமெல்லாம் அதற்கு உரை.

போடியைச் சுற்றிப் பணியாற்றுபவர் கத்தியைக் கண்டு திடுக்கிட்டால் ஒரு நாளும் ஓடாது. விடியற்காலையில் போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பை நிறுத்திப் பாருங்கள். இருக்கைக்குக் கீழே கிடக்கும் ஒவ்வொரு பையிலும் ஒரு கத்தி இருக்கும். ஏலச்செடியின் காய்ந்த தட்டையை அறுக்க ஒன்று, நிழல்மரத்தின் கிளையைக் கழிக்க ஒன்று. மலையாளத்துக்காரர்களோடு வேலை செய்து பழகியவர்கள் அந்தப் பெரிய கத்தியை வாக்கத்தி என்றே சொல்வார்கள். அத்தனையும் வெட்டும், அத்தனையும் ஆளைக் கொல்லும். ஆயினும் அத்தனையும் சண்டைக் கத்தி ஆகிவிடா.

வேலைக் கத்திக்குப் பாரம் நுனியில் இருக்க வேண்டும். ஓங்கிவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். சண்டைக்கு வைத்திருக்கும் கத்திக்குப் பாரம் கைப்பக்கம் இருக்கும். ஒருமுறை வீசிய கத்தி மறுமுறைக்குத் திரும்பி வர வேண்டுமே. நுனி கனத்தால் அது போன திசையிலேயே கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்தது பிடி. வியர்வையிலும் மழையிலும், அதைவிடக் கொடிய ஈரத்திலும் வழுக்காத பிடி வேண்டும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையை நிறுத்த ஒரு தடை வேண்டும். இல்லையேல் குத்துபவன் விரலே முதலில் அறுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கடைசி நொடிவரை கண்ணில் படாமல் இருந்து, சட்டென்று கைக்கு வர வேண்டும். இத்தனையும் பொருந்திய கத்தி பெரும்பாலும் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

பார்க்கப் பயங்கரமாக இருக்கும் கத்திக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் ஒருவர் கடைக்காரரிடம் வம்பிழுத்து, திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு குத்துவாளை உருவினார். இருபுறமும் கூர், பிடியில் சிங்க முகம். உருவிய வேகத்தில் சிங்க முகம் அவர் கையில் நின்றுவிட்டது. அலகு மட்டும் பறந்து பால் சட்டிக்குள் விழுந்தது. "அண்ணே, பாலுக்கும் சேத்துக் காசு வச்சுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அலகின் வால் பிடிக்குள் விரற்கடை அளவுகூட இறங்கியிருக்கவில்லை. பளபளப்பைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இனி, என் பணிக்காலத்தில் கத்தியைச் சரியாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் மிகக் கடுமையாக நேர்ந்த ஒரு முற்பகலைச் சொல்கிறேன்.

குரங்கணிச் சாலையை ஒட்டி, மலை தொடங்கும் இடத்தில், ஒரு தென்னந்தோப்பு. அதைக் காவல் காத்து அங்கேயே குடியிருந்தவர் தங்கராசு. அவர் மனைவி பேச்சியம்மாள். பேச்சியம்மாளின் அண்ணன் பாண்டி, மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் நிழல்மரம் கழிக்கும் வேலையில் இருந்தவர். மச்சானும் மாப்பிள்ளையும் சில ஆண்டுகளாகப் பேசுவதில்லை. பேச்சியம்மாளின் தாயார் இறந்த அன்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, உன்னை எங்கே பார்த்தாலும் உயிரோடு விடமாட்டேன் என்று ஊரார் முன்னிலையில் பாண்டி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சொல்லை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தங்கராசுவின் பங்காளி மாயன்.

"சார், பாண்டி கத்தியோட வந்து நிக்கிறான் சார். கத்தியில குங்குமம் வச்சிருக்கான். சாமி கும்பிட்டுட்டு ஒரு முடிவோடதேன் வந்திருக்கான். வெரசா வாங்க."

படைக்கலத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் பழி தீர்க்கப் புறப்படுவது இந்தப் பக்கத்தில் கேள்விப்படாத செய்தி அன்று. ஏட்டு சுருளியையும், பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு காவலரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஜீப்பு பாதி வழி போவதற்குள் காவலரின் கைபேசிக்கு ஒரு காணொளி வந்துவிட்டது. தோப்புக்குள் ஒருவர் கத்தியோடு நிற்கிறார்; அலகில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. யாரோ கீழே இரத்தம் என்றே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த மேலதிகாரி என்னை அழைத்தார். ஒருவரை ஏற்கெனவே வெட்டிவிட்டானா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எதுவாயினும் அந்தக் கத்தியை உடனே கைப்பற்றி ஆளோடு கொண்டு வாருங்கள் என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நாங்கள் சென்றபோது பாண்டி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு தென்னையின் அடியில் நின்றிருந்தார். சலவை செய்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது கையில் கத்தி. மறுபக்கம் வீட்டு வாசலில் தங்கராசு. யாருக்கும் காயம் இல்லை. அது ஒன்றைக் கண்டதும் நெஞ்சுக்குள் திருவைந்தெழுத்தை ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

"பாண்டி, கத்தியக் கீழ போடு."

அவர் என்னைப் பார்த்தார். "கீழ போடக் கூடாது சார்" என்றார்.

"போடுன்னா போடணும்யா" என்றார் ஏட்டு சுருளி.

"கூடாதுங்க."

"எதுக்கு வந்த?"

அவர் தென்னையின் உச்சியை ஏறிட்டார். முகம் இறுகிக் கிடந்தது. வாசலிலிருந்து தங்கராசு கத்தினார்: "பாத்தீங்கள்ல சார்? வந்ததுலருந்து இதேதேன். பேச மாட்டேங்கிறாரு, போகவும் மாட்டேங்கிறாரு."

இளங்காவலர் லத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு என் காதருகே வந்தார். "சார், சுத்திப் போயி ஒரே தட்டு. கை முறிஞ்சிரும்; கத்தி தானா விழுந்துரும்."

"சும்மா இரு அப்பு" என்றார் சுருளி. "சார் பாத்துக்கிட்டு இருக்காருல்ல."

தம்பியரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஆணை மறுக்கப்பட்டுவிட்டது. கொலை மிரட்டல் ஊரறிந்தது. மேலதிகாரி காத்திருக்கிறார். காவலர் சொன்ன தட்டு விதிக்குப் புறம்பானதும் அன்று. அந்தத் தட்டுக்கு நான் தலையசைத்திருந்தால், மரம் ஏறிப் பிழைக்கும் ஒருவருடைய கை முறிந்திருக்கும். அதற்குப் பிறகு கொலை முயற்சி வழக்கு அவரைச் சிறைக்குக் கொண்டுபோயிருக்கும். தலையசைக்காமல் விட்டு, அவர் வாய்க்காலைத் தாண்டியிருந்தால், பேச்சியம்மாள் கணவனை இழந்திருப்பாள். ஆணையை மறுத்தவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கோபம்தான் வளரும். ஆகவே நான் கத்தியைப் பார்த்தேன்.

அது தொரட்டிக் கத்தி. கொக்கி போல் உள்வளைந்த அலகு. உட்புறம் மட்டுமே கூர். குத்துவதற்கு நுனியே இல்லை. பாரமெல்லாம் வளைவில். அதையும்விட, அந்தக் கத்திக்குப் பிடியே இல்லை. பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் குழல்தான் இருந்தது. அந்தக் குழலில் அலக்கைச் செருகுவார்கள். அலக்கு என்றால் உயரத்தில் இருப்பதை அறுக்க உதவும் நீண்ட மூங்கில் கம்பு. கம்பு இல்லாத தொரட்டிக் கத்தியைக் கையில் பிடித்து வீசினால், உருண்டையான குழல் உள்ளங்கைக்குள் திரும்பிவிடும். அலகு எந்தப் பக்கம் பார்க்கும் என்று பிடித்தவனுக்கே தெரியாது. வீட்டில் வாக்கத்தி வைத்திருக்கும் ஒருவர், கொல்ல வரும் நாளில் அதை விட்டுவிட்டு இதையா எடுத்து வருவார்?

குங்குமத்தையும் பார்த்தேன். கூரில் தடவியிருக்கவில்லை. அலகின் அகன்ற இடத்தில் மஞ்சள் பூசி, அதன் நடுவே ஒரு பொட்டு. வீட்டில் நல்ல காரியம் தொடங்கும்போது அம்மிக்கும் உலக்கைக்கும் வைப்பதுபோல அது வைக்கப்பட்டிருந்தது. உலக்கை என்று நினைத்த பிறகே வீட்டின் பக்கவாட்டைக் கவனித்தேன். சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு முன் தரையில் ஓர் உலக்கை குறுக்கே கிடந்தது. உள்ளே ஒரு பெண்பிள்ளை அமர்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

தங்கராசுவின் மகள் பெரியவளாகியிருந்தாள்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாமல் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் சமைந்தால் அவள் தனித்திருக்கப் பச்சை ஓலையில் ஒரு சிறு குடிசை கட்டுவார்கள். குச்சு என்பது அதன் பெயர். அதைக் கட்டும் உரிமை தாய்மாமனுக்கே உரியது. ஓலையை அவரே வெட்ட வேண்டும். அதற்காக மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்த கத்தியை, முதல் ஓலை விழும்வரை தரையில் வைக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எனக்கு விளங்கிக்கொண்டிருந்த அதே வேளையில் கண்ணோரத்தில் இன்னொன்று பட்டது. மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து மாயனும் வேறு இரண்டு பங்காளிகளும் தென்னைகளின் மறைவில் பாண்டியின் முதுகுப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். மாயனின் வலது கை இடுப்புக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒரு மரத்தைச் சுற்றிய நொடியில் அந்தக் கையில் இருந்ததைப் பார்த்தேன். குட்டையான அரிவாள். பிடி முழுவதும் சைக்கிள் ட்யூபை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. பிடியின் தலைப்பில் விரலை நிறுத்த ஒரு வளையம். அலகு ஒடுக்கம், பாரம் கைப்பக்கம். விறகுக்கும் ஆகாது, தேங்காய்க்கும் ஆகாது. இங்கே சற்று முன் நான் சொன்ன இலக்கணம் முழுவதும் அந்தத் தோப்பில் ஒரே ஒரு கத்திக்குத்தான் பொருந்தியது. அது பாண்டி கையில் இல்லை.

நான் பாண்டியை நோக்கி நடந்தேன். அவரை அடுத்துப் போய், அவருக்கு முதுகைக் காட்டி மாயனைப் பார்த்து நின்றேன்.

"சுருளி, ரெண்டு பேரும் இப்படித் திரும்புங்க."

சுருளி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இளங்காவலருக்குத் திரும்ப மனமில்லை, திரும்பினார்.  என் பிடரிக்கு ஓர் அரை அடி பின்னால் அந்தக் கொக்கி இருந்தது. என் கணிப்புத் தவறென்றால் அடுத்த சொல் எனக்கு வாய்த்திராது. வேலாயுதத்தை நெஞ்சில் நினைத்தேன். வாயால் மாயனைக் கூப்பிட்டேன்.

"மாயா, முதுகுக்குப் பின்னால என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா."

"அந்தச் சும்மாவக் கொஞ்சம் முன்னால கொண்டா, பாப்போம்."

மாயன் கையை முன்னே கொண்டுவந்தார். "எங்க அண்ணனக் கொல்ல வந்திருக்கான் சார். அவன் கையில மட்டும் என்ன, மல்லிகப் பூவா இருக்கு?"

"அதுல பிடி எங்கய்யா இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு."

மாயன் எட்டிப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். நான் திரும்பாமலே, வேலை விசாரிக்கும் குரலில் கேட்டேன்.

"பாண்டி, அலக்கு கொண்டாரலயா?"

அவரிடமிருந்து வேறு எந்தக் கேள்விக்கும் வராத பதில் இதற்குத் தடங்கலின்றி வந்தது.

"ஜீப்புல ஏத்த மாட்டேன்னுட்டான் சார். சனங்க உக்காரவே எடமில்ல, இவ்ளோ நீளக் கம்பு வேறயான்னு ஏசுறான். இங்கன ஒண்ணு வெட்டிக்கிருவம்னு கத்திய மட்டும் கழட்டிக் கொண்டாந்தேன்."

 தங்கராசுவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். கையில் லத்தியை வைத்திருந்த இளங்காவலர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இத வந்ததும் சொல்றதுக்கு என்னய்யா?" என்றார் சுருளி.

"கூப்புடாத வீட்டு வாசல்ல நின்னு, குச்சு கட்டவான்னு நானே கேக்கணுமா ஏட்டையா? நேத்து எங்க தோட்டத்துக்கு ஜீப்புல வந்த பொம்பளைக பேசிக்கிட்டதுலதேன் எனக்குச் சேதியே தெரியும். மாமன்காரன் நான். வேற எவனோ கட்டப்போறான்னு அவளுக பேசிக்கிறாளுக." அவர் திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சண்டையெல்லாம் எனக்கும் இவருக்குந்தேன். அந்தப் பிள்ள என்ன செஞ்சுச்சு?"

நான் திரும்பினேன். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த முகம். துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. "கீழ வைக்க வேணாம். எங்கிட்டக் குடு" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். தயங்கினார். "சார், செருப்பு…" என்றார். நான் காலணியைக் கழற்றிவிட்டு நின்றேன். கத்தியை என் கைகளில் வைத்தார். குழல் உடனே என் உள்ளங்கையில் உருண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு நேராக வந்தது.

பேச்சியம்மாள் திரைக்குப் பக்கத்திலிருந்து விறுவிறுவென்று வந்தாள். அண்ணனைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணவன்மீது பாய்ந்தாள்.

"சொல்லி விடுங்க, சொல்லி விடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"உங்க ஆத்தா சாவுல இவரு பேசுன பேச்சு என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆத்தாளப் பறிகுடுத்த அன்னிக்கிப் பேசுனது ஒரு பேச்சா? அன்னிக்கி நானுந்தேன் நீங்க நாசமாப் போகன்னு ஏசுனேன். அதுக்காக எங்கூட வாழாமயா இருக்கீக?"

சுருளி வேறு பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். தங்கராசு மோட்டார் அறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு நீண்ட மூங்கில் அலக்கு. அதை மச்சானுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தார். கண் மட்டும் மரத்தின் உச்சியில் இருந்தது.

"நீளம் பத்துமா பாருங்க மச்சான்."

பாண்டியும் உச்சியைப் பார்த்தார். "பத்தும் மாப்ளே. நீங்க அடியப் புடிங்க."

கத்தி என் கையிலிருந்து அலக்கின் நுனிக்கு ஏறியது. முதல் ஓலை சரசரவென்று இறங்கி விழுந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். காணொளி எடுத்த பக்கத்துத் தோப்புக்காரர் அதையும் எடுத்துக்கொண்டிருந்தார். முந்தையதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொன்னேன். மேலதிகாரிக்கு நானே நேரில் சொல்வதாகத் தகவல் கொடுத்தேன்.

அதன்பின் மாயன் சும்மா நிற்கப் பிடிக்காமல், விழுந்த ஓலையைத் தம் அரிவாளால் மட்டையோடு பிளக்க முயன்றார். ஒடுங்கிய அலகு மட்டைக்குள் மாட்டிக்கொண்டது. காலால் மிதித்து இழுத்தும் வரவில்லை. பேச்சியம்மாள் மஞ்சள்நீர்க் குடத்தோடு கடந்து போகையில் நின்று பார்த்தாள்.

"ஏங் கொழுந்தனாரே, ஒரு ஓலையக் கிழிக்க மாட்டாத அருவாள வச்சா எங்க அண்ணன மறிக்க வந்தீக?"

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியும் சிரித்தார். மாயன் ஒருவழியாக அரிவாளை இழுத்து எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அலகைத் தம் பக்கம் வைத்துப் பிடியை என் பக்கம் நீட்டினார். "வீட்ல இது எதுக்கு சார்? நீங்களே கொண்டு போயிருங்க" என்றார். பறிமுதல் செய்ய வேண்டியதை அவரே தந்துவிட்டதால் எனக்கு ஒரு சொல் மிச்சமாயிற்று. ஆயினும் நிலையத்துக்கு வந்து போகும்படி சொல்லி, அந்த விசாரணையை முறையாகவே செய்தேன்.

தம்பியரே, தங்கையரே, பிடியையும் பாரத்தையும் தடையையும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். உயிர் காக்கும் அறிவு அது. அந்த அறிவு எதிரே நிற்பவருக்கு அஞ்சுவதற்கு மட்டும் உரியதன்று. அவரை நம்புவதற்கும் அதிலேதான் ஆதாரம் இருக்கும். அன்று என் மனம் கனிந்திருந்ததால் நான் பாண்டிக்கு முதுகைக் காட்டினேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்தக் குழல் கண்ணில் பட்டிராவிட்டால் நான் இளங்காவலருக்குத் தலையசைத்திருப்பேன்.

குச்சு கட்டி முடியும்வரை இருந்துவிட்டு, தந்த பானகத்தைக் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். சைக்கிள் ட்யூப் சுற்றிய அரிவாள் துணியில் பொதிந்து சுருளியின் மடியில் இருந்தது. கைப்பற்றி வரச்சொல்லி எங்களை அனுப்பிய கத்தி, பந்தலுக்கும் ஓலை வேண்டும் என்று தங்கராசு கேட்டுக்கொண்டதால், இன்னொரு தென்னையின் உச்சியில் வேலையாக இருந்தது.